தேய்ந்த சாவிக்கு நகல் எடுக்காதீர்கள்

மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வண்டிகள் பலவற்றில் சாவியைப் போட்டுச் சற்றே பின்னால் இழுத்து, லேசாகத் தூக்கித் திருப்பினால்தான் கதவு திறக்கும். அந்தப் பக்குவம் வீட்டில் ஒருவருக்கு மட்டுமே கைவந்திருக்கும். பூட்டு கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி சாவிதான்.

பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது தகட்டுப் பூட்டு. அமெரிக்காவில் ஃபிலோ ஃபெல்டர் 1868-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது இது. வெளியே அசையாத உறை, உள்ளே சாவியோடு சுழலும் உருளை. உருளைக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை, பக்கத்தில் ஒரு பொடி ஸ்பிரிங். சாவி இல்லாதபோது ஸ்பிரிங் தள்ளுவதால் தகடுகளின் முனைகள் உறையின் பள்ளத்துக்குள் நீட்டிக்கொண்டு உருளையைத் தடுக்கும். சரியான சாவி நுழைந்ததும் அதன் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய அளவுக்கு நகர்த்தி, எல்லா முனைகளையும் உருளைக்குள் இழுத்துவிடும். ஒரே ஒரு தகடு துருத்தி நின்றாலும் பூட்டு திரும்பாது.

ஆண்டுக்கணக்கில் உரசி உரசிப் பற்களின் மேடுகள் மழுங்குகின்றன. தகடு ஏற வேண்டிய உயரம் ஏறுவதில்லை. அதனால்தான் சாவியைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. உள்ளே புகுந்த தூசி அரம்போல வேலை செய்து தகடுகளையும் தேய்க்கிறது. இக்னிஷனில் சாவிக்கொத்து முழுவதையும் தொங்கவிட்டு ஓட்டினால் தேய்மானம் இன்னும் வேகமாகும். எஞ்சின் ஓடும்போதே சாவி கையோடு உருவி வருகிறதென்றால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

இந்த நேரத்தில்தான் பலரும் டூப்ளிகேட் போட ஓடுகிறார்கள். நகல் இயந்திரம் மாதிரிச் சாவியின் மேடுபள்ளத்தை அப்படியே தடவி வெட்டுகிறது; தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டுகிறது. அதன் சொந்தப் பிசகும் கொஞ்சம் கூடும். புதுச்சாவி பழையதைவிட மோசமாகப் போவது இதனால்தான்.

சாவியைத் தொழிற்சாலை அளவுக்கே வெட்ட வேண்டும். வண்டி வாங்கியபோது சாவியோடு வந்த உலோகச் சீட்டிலோ, சில வண்டிகளில் பூட்டின் உடம்பிலோ அதற்கான எண் இருக்கும். அது தொலைந்திருந்தால் பூட்டையே கேட்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சாவி உள்ள வண்டியானால் அதிகம் புழங்காத இடப்பக்கக் கதவின் பூட்டையோ டிக்கி பூட்டையோ கழற்றச் சொல்லுங்கள். அங்கே தகடுகள் அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. அவற்றின் உயரத்தைப் படித்து நல்ல கைக்காரர் புதுச்சாவி வெட்டிவிடுவார். அதற்கும் பூட்டு மசியவில்லையென்றால் தேய்ந்த தகடுகளை மாற்றலாம். பழைய சாவிக்கு ஏற்பத் தகடுகளை அராவ மட்டும் விடாதீர்கள். பிறகு வேறு வண்டியின் சாவிக்கும் கதவு திறக்கக்கூடும்.

எண்ணெய் விடுவதும் வேண்டாம். அது தூசியோடு சேர்ந்து களிம்பாகும். உலர்ந்த கிராஃபைட் தூள் போதும். பென்சில் முனையில் களிமண் கலந்திருப்பதால் அதைச் சுரண்டிப் போடாதீர்கள்.

பழைய சாவி பூட்டுக்குள் முறிவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். போகும்போது ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அதைக் கேட்காமல் கார்ச்சாவி வெட்டிக் கொடுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.