தஞ்சை மன்னரின் அச்சுக்கூடம்

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிடும் தேவையிலிருந்து வளர்ந்து, காலண்டரும் டைரியும் நோட்டுப்புத்தகமும் தேசமெங்கும் அனுப்பும் சிவகாசி மக்களுக்கு அச்சுத்தொழிலின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அத்தொழிலை வித்தியாதானமாகவே கருதி, 1805ஆம் ஆண்டிலேயே தேவநாகரி அச்செழுத்துக்களோடு தம் தலைநகரில் அச்சுக்கூடம் நிறுவிய மராட்டிய மன்னர் ஒருவர் தஞ்சாவூரில் இருந்தார் என்பதை நம்மில் பலர் அறியார்.

தஞ்சையை ஆண்ட நாயக்கர் வமிசத்தின் உட்பூசலில் தலையிடப் பீஜப்பூர் சுல்தானின் படைத்தலைவராக வந்து, 1676ஆம் ஆண்டளவில் தாமே அரியணை ஏறியவர் ஏகோஜி; சத்ரபதி சிவாஜிக்கு அவர் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. படையெடுத்து வந்த அந்த வமிசம் காவிரி மண்ணில் அந்நியமாய் நிற்கவில்லை. ஏகோஜியின் குமாரர் சகஜி தெலுங்கில் நாடகங்கள் இயற்றினார். பின்வந்த இரண்டாம் சரபோஜியைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் தமிழில் குறவஞ்சி பாடினார்.

அச்சுக்கூடம் நிறுவிய அந்தச் சரபோஜி 1798இல் பட்டமெய்தியபோது ராஜ்யம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு உடன்படிக்கையால் நிர்வாகம் முழுவதும் கிழக்கிந்தியக் கும்பினியார் வசமாயிற்று. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குமே மிஞ்சின. அதிகாரம் போயிற்றே என்று சோர்ந்துவிடாமல், அப்பொருளை அவர் கல்வியில் செலவிட்டார். நாயக்கர் காலத்தில் தோன்றிய சரஸ்வதி மகாலுக்கு ஏடுகளும் ஐரோப்பிய நூல்களும் திரட்டிச் சேர்த்தார். கண்ணோயாளிகள் ஒவ்வொருவரின் நிலையும், அளிக்கப்பட்ட சிகிச்சையும், நோயுற்ற கண்ணின் வர்ணச் சித்திரத்தோடு அவர் காலத்தில் பதிவாயின. அக்குறிப்புகள் இன்றும் அந்நூலகத்தில் உள்ளன. அவரது அச்சுக்கூடத்திலிருந்து 1806இல், ஈசாப்பின் நீதிக்கதைகள் சிறுவர்க்கென மராட்டியில் 'பாலபோத முக்தாவளி' என்ற பெயரில் வெளிவந்தன. தம் வமிச சரித்திரத்தையும் அவர் மறக்கவில்லை. 1803இல் பெரிய கோயிலின் சுவரில் அதை மராட்டியில் நெடுஞ்சாசனமாகப் பொறிக்கச் செய்தார்.

அவர் மைந்தர் சிவாஜி ஆண் வாரிசின்றி 1855இல் மறைய, அந்த அரசமரபு முடிவுற்றது. நூலகமோ 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பெரிய கோயிலைத் தரிசிக்கத் தஞ்சைக்குச் செல்லும் விருதுநகர் மாவட்டத்து அன்பர்கள், அரண்மனை வளாகத்துக்கும் சென்று, சரஸ்வதி மகாலைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டிவர வேண்டுகிறேன். அச்சுக்கூடங்களின் நடுவே வளரும் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த சரித்திர பாடம் கிடைப்பது அரிது.