வளைந்து போகும் கண்

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பாய்லர் நின்றால் பனியன் துணிக்குச் சாயம் ஏறாது. சாயத் தண்ணீரைச் சூடாக்குவது அதன் நீராவிதான். உப்புத் தண்ணீரைச் சரியாகப் பக்குவப்படுத்தாமல் விட்டால், பாய்லர் டியூபின் மேல் சுண்ணாம்பு கல்லாகப் படியும். எஃகு கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் அந்தப் படிவு கடத்தும். விறகு கூடுதலாக எரியும். டியூப் அளவுக்கு மீறிச் சூடேறிப் புடைக்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

அதனால் பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, கை நுழையும் துவாரத்தைத் திறந்து, உள்ளே இருப்பதை வெளியே காட்டும், பாம்பாக நெளியும் குழாய்க் கருவியான போரஸ்கோப்பை உள்ளே விடலாம். கார் இன்ஜினுக்குள் பார்க்க, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய துளையே போதும்.

நேர்கோட்டில் போகும் ஒளி, இந்த நெளியும் குழாய்க்குள் எப்படி வளைகிறது? வளைவதில்லை. மெல்லிய கண்ணாடி இழைக்குள் சாய்வாகப் புகுந்த ஒளி, சுவரில் பட்டுப் பட்டு உள்ளேயே திரும்பி, மறுமுனை வரை போய்ச் சேருகிறது. இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, ஆயிரக்கணக்கான இழைகளைக் கட்டாகக் கட்டி அதன் வழியே படத்தையே அனுப்பிக் காட்டினார். அந்த ஆய்வு 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

ஓர் இழை, படத்தின் ஒரு புள்ளி. இந்த முனையில் எந்த வரிசையோ, அந்த முனையிலும் அதே வரிசை இருக்க வேண்டும். இழைகள் இடம் மாறினால் படம் சிதறிவிடும். ஓர் இழை அறுந்தால் படத்தில் ஒரு கரும்புள்ளி விழும். அது டியூபில் அரித்த குழியா, அறுந்த இழையா? போரஸ்கோப்பைச் சற்றே அசைத்தால் போதும். காட்சியோடு சேர்ந்து நகர்ந்தால் குழி. நகராமல் நின்றால் இழை.

இப்போது பெரும்பாலான போரஸ்கோப்களில் படம் அனுப்பும் இழைக்கட்டு இல்லை. நுனியிலேயே குட்டிக் கேமராவும் எல்இடி விளக்கும் வந்துவிட்டன. படம் மின்கம்பி வழியாகச் செல்போன் திரைக்கு வருகிறது. லென்ஸில் ஒட்டிய கரித்துகளை இன்றும் அப்படி அசைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் குறை கருவியினுடையது என்ற இந்தக் கணக்கு நிட்டிங் மெஷின்காரருக்குப் புதிதல்ல. துணி நெடுக ஒரே இடத்தில் கோடு ஓடினால், அவர் நூலைக் குறை சொல்வதில்லை; ஊசியைத்தான் மாற்றுவார்.