இடம்பெயர்ந்த இல்லங்கள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் விந்தையானதொரு குடியிருப்பு உண்டு. அங்கே வீடுகள் உள, குடும்பங்கள் இல. அடுப்புகள் உள; புகை இல்லை. ‘தட்சிணசித்ரா’ என்பது அதன் பெயர். டெபோரா தியாகராஜன் அம்மையார் 1984-ஆம் ஆண்டு நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996-இல் இதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தது.

பிரான்சு நாட்டில் பிரபுக்களின் பழைய மாளிகைகளை அறையறையாகக் காட்டுவர். மாளிகை நின்ற இடத்திலேயே நிற்கும். இங்கோ வீடுகளே பயணம் செய்து வந்துள்ளன. இடிபடவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, தூணையும் உத்திரத்தையும் பக்குவமாகப் பிரித்தெடுத்து, ஏற்றிவந்து மீண்டும் பூட்டியிருக்கின்றனர். சுவீடன் தலைநகரில் 1891-இல் தோன்றிய ஸ்கான்சன் இம்முயற்சிகளுக்கெல்லாம் முன்னோடி.

அண்மையில் நம் பங்குக் குடும்பங்கள் சிலவற்றோடு நாம் அங்குச் சென்றிருந்தோம். உடன் வந்தோருள் முதியவர் ஒருவர் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. தாயார் மறைந்தபின், தந்தை கட்டிய வீட்டை இடித்து மரத்தை விற்றுப் பங்கிட்டுக்கொள்ள அவருடைய தம்பியர் இருவரும் அவசரப்பட்டனர். பேச்சு முற்றி, உடன்பிறந்தோர் மூவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதையே நிறுத்தியிருந்தனர்.

செட்டிநாட்டு வீட்டினுள் நுழைந்தோம். முகப்பில் தேக்குத் தூண்கள். உள்ளே வானம் பார்த்த முற்றம். செட்டிநாட்டில் மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் முற்றத்தைச் சுற்றித் தனி அறை ஒதுக்குவர். உலை தனித்தனியே கொதிக்கும். கூரை மட்டும் ஒன்று. இதனை நாம் விளக்கியபோது அம்முதியவர் தூணைத் தடவியபடி நின்றார்.

அடுத்து, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் இல்லம். 1850-ஆம் ஆண்டளவில் எழுந்தது. வாயிலுக்கு நேரே பலகைச் சுவர்களாலான நெற்களஞ்சியம் வீட்டின் இதயம்போல் வீற்றிருக்கிறது. அத்தகைய இல்லங்களில், அந்திப் பொழுதில் விளக்கேற்றிப் பாய் விரித்துச் சிறியோரும் பெரியோரும் ஒன்றாகச் செபிப்பது வழக்கம்.

“சாமி, ஒரு மரமும் குறையாமல் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் படியேறும்போது, ‘யாரது?’ என்று கேட்க உள்ளே ஒரு குரல் இல்லையே!” என்றார் முதியவர். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

திரும்பும் வழியில் நம் அருகே வந்தமர்ந்தார். “இந்த ஞாயிறு தம்பிகள் வீட்டுக்கு நானே போகிறேன், சாமி. வீடு இருக்கட்டும், போகட்டும். அம்மா உட்கார்ந்த இடத்தில் மூவரும் ஒரு செபமாலை சொல்லிவிட்டுப் பிறகு பேசுவோம் என்று கேட்கப்போகிறேன்” என்றார்.

பழைய வீட்டை இடிப்பது பாவமன்று. கறையான் அரித்த உத்திரத்தின் கீழ் குழந்தைகளை உறங்க வைக்க இயலாது. ஆயினும் அன்பர்களே, தச்சர் பிரித்த மரத்தைத் தச்சரே மீண்டும் பூட்டுவர். உடன்பிறந்தார் பிரிந்தால் பூட்டுவதற்கு எந்தத் தச்சரை அழைப்போம்? இன்று மாலை நம் இல்லத்தில் விளக்கேறும்போது, பாயில் யாருடைய இடம் காலியாக உள்ளது என்று ஒருகணம் பார்ப்போமாக.