பெரிய சக்கரம் மாட்டலாமா?



தோட்டத்தில் வெட்டி எடுக்கும் பால் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால், பெரும்பகுதி டயராகத்தான் மாறுகிறது. ஆனால் அந்த டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்களை நம்மில் எத்தனை பேர் நின்று படித்திருக்கிறோம்? இன்றைக்கு அந்த எண்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எம்.ஜி.பி. என்பது இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார். ஆபிங்டன் என்ற ஊரில் அதன் தொழிற்சாலை இருந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. இன்றும் பலர் அதைப் பாதுகாத்து ஓட்டுகிறார்கள். அவர்களில் சிலருக்கு ஓர் ஆசை வரும். இப்போதைய கார்களின் அகலமான சக்கரத்தைப் பார்த்த கண்ணுக்கு, பழைய வண்டியின் சக்கரம் மெலிந்து தெரியும். பெரிதாக மாட்டினால் என்ன என்று கேட்பார்கள்.

அந்தக் காரின் ரிம் 14 அங்குலம். அதற்கு வழக்கமாகப் போடும் ரேடியல் டயர் 165 அளவு. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ரிம்முக்கு மேலே எழும் பக்கச் சுவரின் உயரம், பழைய டயர்களில் அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு அளவில் இருக்கும். கணக்குப் போட்டால் 132 மில்லிமீட்டர். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் ரிம்; மூன்றையும் கூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர். இந்த 620 தான் இன்றைய பேச்சின் உயிர்நாடி.

இப்போது ஒருவர் 15 அங்குல ரிம் வாங்கி, அதே 80 பங்குச் சுவருடன் 185 அகல டயரை மாட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முழு உயரம் 677 ஆகிவிடுகிறது. ஐம்பத்தேழு மில்லிமீட்டர்தானே, அதனால் என்ன என்று தோன்றும்.

அப்பாவும் சின்னப் பிள்ளையும் சேர்ந்து நடக்கும்போது காலடியை எண்ணிப் பாருங்கள். இருவரும் பத்து அடி வைத்தால், அப்பா முன்னால் போயிருப்பார். காரின் வேகமானியும் காலடியை எண்ணுவது போலத்தான் வேலை செய்கிறது. கியர் பெட்டியிலிருந்து வரும் கம்பி எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். சக்கரம் பெரிதானது அதற்குத் தெரியாது. இங்கிலாந்தின் நெடுஞ்சாலையில் உச்சவேகம் மணிக்கு 70 மைல். முன்பு சரியாகக் காட்டிய முள் இப்போதும் 70-இல் நிற்கும். வண்டியோ 76-ஐத் தாண்டி ஓடும். நம் நெடுஞ்சாலையில் முள் 110 கிலோமீட்டர் காட்டும்போது உண்மை வேகம் 120. ஓட்டுபவர் நிதானமாகப் போவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில்தான் இந்தப் பத்துக் கிலோமீட்டர் கணக்குக்கு வரும். மேடு ஏறும்போது இழுவையும் குறையும்.

ஆகவே ரிம் வளர்ந்தால் சுவர் குறைய வேண்டும். 185 அகலம், 65 பங்குச் சுவர், 15 அங்குல ரிம்: இந்த டயரின் முழு உயரம் 621 சொச்சம். பழைய உயரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. டயரில் இது 185/65 ஆர் 15 என்று இருக்கும். ஆர் என்றால் ரேடியல்.

உயரம் சரியாகிவிட்டது, அகலம் இன்னும் பாக்கி. எம்.ஜி.பி.யின் பின் மட்கார்டுக்குள் இடம் குறைவு. ஓட்டுபவர் மட்டும் இருக்கும்போது உரசாத டயர், பக்கத்தில் ஒருவரும் பின்னால் பெட்டிகளும் ஏறி, வண்டி குழியில் இறங்கும்போது உரசும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அச்சில் பொருந்தும் தட்டு எவ்வளவு உள்ளே அல்லது வெளியே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அது மாறினால் சக்கரம் வெளியே துருத்தும். பேரிங் மீது பாரம் கூடும். கம்பிச் சக்கரமாக இருந்தால் இன்னொன்று: கம்பிகள் ரிம்மைத் துளைத்து வருவதால் பழைய வகைக்கு உள்ளே டியூப் வேண்டும்.

அகல டயர் காய்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அடைமழையில் தேங்கிய தண்ணீர் மேல் மிதக்கும் ஆபத்து அதற்குத்தான் அதிகம். அந்தக் காருக்கு ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் பவர் ஏற்பாடும் கிடையாது. வண்டியை நிறுத்தித் திருப்பும்போது கை வலிக்கும். சுவர் குட்டையானதால் குழியில் விழும் அடி ரிம்முக்கு நேராகப் போகும். பக்கச் சுவர் ஓயாமல் வளைந்து நிமிர்கிறது. அதிகம் சூடேறாமல் அதைத் தாங்குவதால்தான் ரேடியல் டயரின் சுவரில் இயற்கை ரப்பரைச் சேர்க்கிறார்கள். மரத்துப் பாலின் வேலை அந்த இடத்தில்தான் நடக்கிறது. அழகுக்காக அதைக் குறைப்பதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. பழைய அளவிலேயே நல்ல புதிய டயர் கிடைத்தால் அதையே போடச் சொல்வேன்.

புதிய டயர் என்றேன். பள்ளம் தேயாததால் புதிது என்று ஆகிவிடாது. அதிகம் ஓடாத பழைய கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே முதுமை வந்துவிடும். பழைய ரப்பர் இறுகி வெடிப்பது நாம் அறியாததா? டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. மோட்டார் சைக்கிள் டயரிலும் இதைப் பார்க்கலாம்.

எந்த அளவை மாட்டினாலும், பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். பாரம் ஏற்றி, மேடு பள்ளத்தில் மெதுவாக ஓட்டி, மட்கார்டின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ரப்பர் உரசியிருந்தால் விரலில் கறுப்பு ஒட்டும். புதிதாக மாட்டிய சக்கரத்தின் மரைகளை, கொஞ்ச தூரம் ஓடிய பிறகு இன்னொரு தடவை முறுக்கிச் சரிபார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் இருக்குமிடத்தில், பத்துக் கல்லுக்குத் தூரமானி எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதுக்குச் சற்று மேலே மட்டும் காட்டினால், கடைக்காரர் உங்களுக்கு 677-ஐ மாட்டி அனுப்பியிருக்கிறார்.