கள்ளுக்கும் நேரம் உண்டு

முதலாம் ஆண்டில் ஒரு மாலை. விடுதி உணவகத்தில் முன்னாள் மாணவர் ஒருவர் எங்களோடு அமர்ந்து தம் வெளிநாட்டு அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டிருந்தார். பேச்சு ஒயினில் வந்து நின்றது. கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்க வேண்டும், மெல்லச் சுழற்றி மணம் பிடிக்க வேண்டும், பிறகு ஒரு மிடறு எடுத்து நாக்கில் சற்று நிறுத்த வேண்டும் என்றார். விலை கூடியதுதான் நல்லது என்றில்லை; அன்றாடம் சாப்பாட்டு மேசைக்கு வரும் மலிவான போத்தலிலும் நல்லது உண்டு, நாக்கைத்தான் பழக்க வேண்டும் என்றும் சொன்னார். எல்லாரும் ஆர்வத்தோடு கேட்டோம். இடையில் நான், "எங்கள் பாட்டிக்கும் இப்படிக் கள்ளைப் பார்க்கத் தெரியும்" என்றேன். மேசையே குலுங்கிச் சிரித்தது.

நண்பர்களே, அந்தச் சிரிப்பு எனக்குள் நெடுநாள் இருந்தது. ஒயினை அறிந்தவர் ரசிகர். கள்ளை அறிந்தவர் குடிகாரர்! இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அன்று. வள்ளுவர் 93ஆம் அதிகாரம் முழுவதையும் கள்ளுண்ணாமைக்கே ஒதுக்கியதை நானும் படித்தவன்தான். ஆனால் ஒன்றை விலக்குவதற்கும் அதைப் பற்றி எதுவுமே தெரியாமல் இருப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. சங்கத் தமிழில் கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு என்று எத்தனை சொற்கள்! வெறும் போதைக்கு இத்தனை பெயர் தேவையில்லை. தெளிவித்து எடுத்தது தேறல். வீட்டில் நெல்லரிசியால் ஆக்கியது தோப்பி. மூங்கிற் குழாயில் முற்றிய தேறலை மலைபடுகடாம் பேசுகிறது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கலங்களில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பாண்டியனுக்கு உரியதாகப் பாடுகிறார். யவனர் தேறல் என்றால் அது ஒயின்தான். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தபோது, ஒயின் கொண்டுவரப் பயன்பட்ட இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஒயினும் கள்ளும் ஒரே பந்தியில் இருந்த காலமும் நமக்கு இருந்திருக்கிறது.

சரி, கள்ளுக்கு வருவோம். தென்னம்பாளை விரியும் முன் அதைக் கயிற்றால் இறுகக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார்கள். சொட்டுச் சொட்டாய் இறங்கும் சாறு ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காடு சர்க்கரை கொண்டது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது பதநீராகவே நிற்கும். பூசாவிட்டால், காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் சாறு விழுந்த நொடியிலிருந்தே வேலையைத் தொடங்கிவிடும். ஒயினைப் போல யாரும் எதையும் பிழிந்து, ஊற்றி, மூடிவைக்க வேண்டியதில்லை. மரத்தின் உச்சியிலேயே நொதித்தல் நடந்துகொண்டிருக்கும்!

சில மணி நேரத்தில் சர்க்கரை சாராயச்சத்தாக மாறும். நல்ல கள்ளில் அது 4 முதல் 6 விழுக்காடு. ஏறக்குறைய பீரின் அளவு, ஒயினில் பாதிக்கும் குறைவு. ஆனால் அங்கேயே நிற்பதில்லை. காற்றுப்பட்ட சாராயச்சத்தை வேறு வகைப் பாக்டீரியா புளிக்கவைக்கும். ஒரு நாள் கடந்தால் அது காடியை நோக்கிப் போய்விடும். ஒயின் போத்தலில் ஆண்டைப் பார்க்கிறார்கள். கள்ளுக்கு மணியைப் பார்க்க வேண்டும். சுவை பார்க்கும் கலை முழுவதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பாட்டிதான். போர்ட்டிக்சன் சாலையோரத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். கள் குடித்தவர் அல்லர். ஆப்பமாவுக்கு ஒரு கரண்டி வாங்குவார், அவ்வளவுதான். சென்ற ஆண்டு மாமா ஒரு போத்தல் வாங்கிவந்தபோது (எனக்கு 21 வயது நிறைந்துவிட்டது, 2017 திசம்பர் முதல் நம் நாட்டுச் சட்டம் கேட்கும் வயது அதுதான்) சமையலறைப் படியில் உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

முதலில் கண். பால் கலந்த நீர் போன்ற வெண்மை. அடியிலிருந்து சிறு குமிழிகள் விடாமல் மேலே வர வேண்டும். குமிழி நின்றுவிட்டால் உயிர் போய்விட்டது என்று பொருள். போத்தலை இறுக மூடவே கூடாது. உள்ளே காற்று சேர்ந்து வெடிக்கும். அடுத்து மூக்கு. இளந்தேங்காய் வாசமும் புளித்த மாவின் வாசமும் சேர்ந்து வந்தால் நல்லது. மூக்கைச் சுள்ளென்று குத்தினால் காடி ஏறிவிட்டது. பிறகு நாக்கு. முதலில் இனிப்பு, உடனே ஒரு சுறுசுறுப்பு, கடைசியில் லேசான புளிப்பு. மூன்றும் வரிசையாக வர வேண்டும். புளிப்பே இல்லாமல் இனிப்பு மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றால் சீனித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். தண்ணீர் கலந்த கள்ளோ நாக்கில் எதையுமே விட்டுவைக்காது. காலையில் இறக்கியது இனிப்பு கூடியது, காரமான நெத்திலிப் பொரியலுக்குப் பொருந்தும். பிற்பகலில் புளிப்பு தலைதூக்கும், அதற்குக் கருவாட்டுச் சம்பல். மறுநாள் மிச்சமிருந்தால் மீன்குழம்புக்குக் காடியாகும். எதுவும் வீணில்லை.

"இவ்வளவு எப்படித் தெரியும், பாட்டி?" என்று கேட்டேன்.

"உங்க தாத்தா வாசலுக்கு வர்றப்பவே மணந்து பார்த்துடுவேன், கண்ணு. புதுக் கள்ளுன்னா பாடிக்கிட்டு வருவாரு. பழசுன்னா பிள்ளைங்கள பக்கத்து லயத்துக்கு அனுப்பிடுவேன்."

நான் மேலே எதுவும் கேட்கவில்லை. பாட்டியின் மூக்கு பழகிய இடம் அது.

அந்தப் பழைய கள் எப்படித் தாத்தாவின் கைக்கு வந்தது? தோட்டத்துக் கள்ளுக்கடையை நிர்வாகமே நடத்தியது. மரம் ஏறிய மலையாளி அண்ணன் விடியற்காலையில் கலயத்தை இறக்குவாராம். இரவெல்லாம் மரத்தில் நொதித்துக்கொண்டிருந்த கள் அது. குடிப்பதென்றால் அப்போதே குடிக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் பெரட்டு, வெட்டு, பால் எடுப்பு. கடை திறப்பதோ வேலை முடிந்த பிற்பகல். நேற்று விற்காததும் இன்று இறக்கியதும் ஒரே தொட்டிக்குள் போகும். கள்ளுக்கு ஒரு கடிகாரம், கம்பெனிக்கு ஒரு கடிகாரம். கடை கம்பெனிக் கடிகாரத்தில் ஓடியது. வரிசையில் நிற்பவர் மணம் பார்த்துத் திருப்பிக் கொடுக்க முடியுமா? கொடுத்ததைக் குடித்தார்கள். சுவை போன பிறகு எஞ்சுவது போதை ஒன்றுதான்.

தொழிலாளர்கள் இதைக் கண்டும் காணாமல் இருக்கவில்லை. 1941இல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் சம்பள உயர்வும் பிள்ளைகளுக்குக் கல்வியும் மட்டுமல்ல, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. துரைக்கு முன் மிதிவண்டியில் இறங்காமல் போகும் உரிமையையும் அதே பட்டியலில் கேட்டார்கள்! அப்போராட்டம் நம் நெகிரி செம்பிலான் வரை பரவியது. சிலாங்கூரில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். 1947இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து தடியடி பட்டார்கள். அவர்கள் எதிர்த்தது தென்னை மரத்தை அன்று, சம்பளத்தை ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட ஏற்பாட்டைத்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது. கடை இலாபத்திலிருந்து கோயில் திருவிழாவுக்கும் பணம் போனதுண்டு என்பார் பாட்டி. சாமிக்கும் அதில் பங்கு!

பிறகு தோட்டங்களே போயின. சிரம்பான், நீலாய்ப் பக்கம் இன்று நாம் காணும் பல தாமான்கள் ஒரு காலத்தில் பால்மரக் காடும் செம்பனைக் காடும்தான். தாத்தாவின் தோட்டமும் விற்கப்பட்டு, குடும்பம் மலிவு விலை அடுக்ககத்துக்கு வந்தது. அங்கே தென்னை ஏது? கள்ளுக்கடை ஏது? முக்குக் கடையில் கிடைத்தது சம்சு. உள்ளங்கையில் அடங்கும் போத்தல், சில வெள்ளி விலை, 40 விழுக்காட்டை நெருங்கும் சாராயச்சத்து. கள்ளைப் போல எட்டு மடங்கு! வாத வலிக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் நல்லது என்று மருந்துபோல் சம்சு விற்கப்பட்டதை, அமரர் எஸ். எம். முகமது இத்ரீஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் எதிர்த்துப் பேசியது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் பல உயிர்கள் போயின. மெத்தனாலைக் கண்ணாலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. பாட்டியின் மூக்குகூட அங்கே தோற்றுவிடும்.

தமிழ்நாட்டிலும் கதை வேறில்லை. அங்கே 1987 முதல் கள் இறக்குவது தடை. அரசின் டாஸ்மாக் கடையில் பிராந்திக்குத் தடையில்லை. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடையில் மீன்கறியும் கப்பையும் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுகிறார்கள்.

சம்சுவைத் தாத்தா சுவைத்ததில்லை; முகத்தைச் சுளித்து ஒரே மூச்சில் விழுங்குவார். அதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, ஈரல் கெட்டு இறந்துபோனார். பாடிக்கொண்டு வந்த தாத்தாவை நான் பார்த்ததே இல்லை.

சென்ற தீபாவளிக்கு முதல் நாள் படையலில், தாத்தா படத்தின் முன் மாமா பழக்கப்படி ஒரு சம்சு போத்தலை வைத்தார். பாட்டி எழுந்துவந்து அதை எடுத்துவிட்டார். "இதுதான் அவரக் கொன்னுச்சு. இதையா வைப்பே? போய்க் கள்ளு வாங்கிட்டு வா" என்றார். மாமாவும் நானும் போர்ட்டிக்சன் சாலையில் தேடிப்பிடித்து வாங்கி வந்தபோது மாலை நான்கு மணி. பாட்டி மூடியைத் திறந்தார், மூக்கருகே கொண்டுபோனார்.

"நேரம் போயிடுச்சு" என்றார். பாதியைக் கிண்ணத்தில் ஊற்றிப் படத்தின் முன் வைத்தார். மீதியை ஆப்பமாவில் கலந்தார்.

இவ்வாண்டு நானும் மாமாவும் காலை ஏழு மணிக்கே புறப்படுவதாக இருக்கிறோம்.