கொடுக்கக் குறையாத பாடம்

காங்கேசன்துறைப் புகையிரத நிலையத்தில் இறங்குவோரைக் கடற்காற்று முதலில் வரவேற்கும்; அடுத்து, இயங்காது நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையின் எச்சங்கள் கண்ணிற் படும். 1990ஆம் ஆண்டிலே போரின் காரணமாக இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களோடு பாடசாலைகளும் பெயர்ந்தன. இவ்வூரின் நடேஸ்வராக் கல்லூரி தன் சொந்த நிலத்திற்கு மீண்டது 2016ஆம் ஆண்டிலேயே. இடையிற் கழிந்தவை 26 ஆண்டுகள்.

அவசரமாக வீட்டை விட்டுப் புறப்படுவோர் எவற்றை எடுத்துச் செல்வர்? குழந்தைகளை எடுப்பர்; காணி உறுதியை எடுப்பர்; பிறப்புச் சான்றிதழை எடுப்பர். ஓர் ஆசிரியர் தாம் முப்பது ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி எழுதிய பாடக்குறிப்புக் கொப்பிகளை எடுத்திருப்பாரா? எடுக்க எண்ணியிருப்பினுங் கையிற் சுமக்க இடமேது? வீடுகள் இடிந்ததைக் கண்டோம்; அவற்றைக் கணக்கிட்டோம். ஆசிரியரின் அலுமாரியில் அழிந்த பாடங்களைக் கணக்கிட்டவர் எவருமிலர்.

ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் அறிவு எவ்வளவு எளிதில் அழியும் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. மீண்டும் வாங்கக்கூடிய நூல்களை மீண்டும் வாங்கினோம். வேறெங்கும் படியில்லாதவை போனவை போனவையே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இலே கலித்தொகையை அச்சேற்றினார். அத்தகைய பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்க அவருக்கு உதவியவை யாவை? ஊரூராய்ச் சிதறிக் கிடந்த ஏட்டுப் பிரதிகளே. ஒன்றிற் சிதைந்த அடி மற்றொன்றில் நிறைவாய் இருந்தது. ஒன்றில் நேர்ந்த பிழையை மற்றொன்று காட்டிக் கொடுத்தது. பெயர் அறியாத பலர் படியெடுத்துப் பரப்பியமையாலன்றோ அந்நூல்கள் பிழைத்தன? பெட்டியைப் பூட்டி வைத்தவரினும் படியெடுத்துப் பிறருக்குக் கொடுத்தவரே நூலைக் காத்தவர் ஆவர்.

பாடநூல் வரலாற்றிலும் இவ்வுண்மையைக் காணலாம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதனோடு அமையாது, அச்சுக்கூடம் அமைத்துப் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதி வெளியிட்டார். ஒரு பள்ளியின் சுவருக்குள் அடங்கியிருக்கக்கூடிய பாடம், அச்சின் வழியே பல பள்ளிகளின் பாடமாயிற்று. இன்று நம் ஆசிரியர் கையிலே அச்சினுங் கடுகிய கருவியொன்று இருக்கின்றது. கணினியில் எழுதிய பாடத்தை ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் மூலப்படி தேய்வதில்லை. கடதாசியும் மையும் வேண்டுவதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டமையை நினைவு கூர்வோர் இதன் பெறுமதியை நன்குணர்வர்.

இத்தகைய பாடங்களை இணையத்தில் ஓரிடத்திற் சேர்த்து, வேண்டுவோர் எடுத்துப் பயன்படுத்த வழிசெய்யும் அமைப்பினைக் களஞ்சியம் என்று அழைக்கின்றோம். நம் வீட்டு நெற்களஞ்சியத்திலிருந்து எடுக்க எடுக்க நெல் குறையும்; இக்களஞ்சியத்திலோ எடுப்பதனாற் குறைவில்லை. தமிழர் இத்துறையிற் பிந்தி வந்தவர்களுமல்லர். 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலரின் உழைப்பாலே தமிழிலக்கியங்களை இணையத்தில் ஏற்றியது. 2005இலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் மின்படிகளாக்கிப் பொதுப் பயனுக்கு வைத்துள்ளது. அரசின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலே மூன்று மொழிகளிலும் பாடப்பொருள்கள் உள்ளன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும் இணையத்தினின்று பெறலாம்.

உலகின் போக்கும் இதுவே. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் தன் பாடங்களை எவருங் காண இணையத்தில் இடப்போவதாக 2001இல் அறிவித்தது. மறு ஆண்டிலே பரிஸ் நகரிற் கூடிய யுனெஸ்கோ மன்றத்தில் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்னும் பெயர் தோன்றிற்று. 2019இலே யுனெஸ்கோ அவற்றைப் பற்றிய பரிந்துரையொன்றினை ஏற்றுக்கொண்டது. பெயரில் உள்ள ‘திறந்த’ என்னுஞ் சொல்லை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். காண விடுதல் மட்டுந் திறத்தல் அன்று. எடுக்கவும், மாற்றவும், திருத்தவும், மீளப் பகிரவும் இடங்கொடுத்தலே திறத்தலாகும்.

மாற்றும் உரிமை எதற்கு என வினவலாம். தமிழகத்து ஆசிரியர் ஒருவர் ஆக்கிய அருமையான அறிவியற் பாடம் நமக்குக் கிடைக்கின்றதெனக் கொள்வோம். அவர் வேதியியல் என்பதை நாம் இரசாயனவியல் என்கின்றோம். அவருடைய இயற்பியல் நமக்குப் பௌதிகவியல். அவருடைய ஆக்சிஜன் நமக்கு ஒட்சிசன். பரீட்சை வினாத்தாளில் மாணவன் காண்பது நம் சொல்லே. ஆகவே, பாடத்தின் சிறப்புக் கெடாமற் சொற்களை மாற்றிக் கொள்ள வேண்டும். வந்த பாடம் ஒளிப்படமாகவோ பூட்டிய கோப்பாகவோ இருந்தால் என் செய்வது? முழுவதையும் மீள எழுத வேண்டியதே. அந்த உழைப்பிற்கு அஞ்சிப் பலர் அதனை ஒதுக்கி விடுவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்கும் பொருந்தும்.

நம் பக்கத்திலும் ஒரு குறையுண்டு. நம் ஆசிரியர் பலர் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலே பல ஆண்டுகள் தட்டச்சுச் செய்து வந்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அப்பாடந் தமிழாகத் தோன்றுவதில்லை. தேடுபொறியும் அதனைத் தமிழென அறிவதில்லை. ஒருங்குறிக்கு மாற்றினாலன்றி அப்பாடம் இருந்தும் இல்லாததே. ஒவ்வொரு கோப்பிலும் வகுப்பு, பாடம், அலகு, ஆக்கியோன் பெயர், ஆண்டு, பயன்படுத்த அளிக்கும் அனுமதி ஆகியவற்றை எழுதி வைத்தலும் இன்றியமையாதது. பெயர் எழுதாத சரக்கு மூடை போலக் கிடக்கும் பாடத்தை யார் அவிழ்த்துப் பார்ப்பர்? அனுமதியை எளிதில் தெரிவிப்பதற்கென்றே 2002இலே கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் வெளிவந்தன. ஆக்கியோன் பெயரைக் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்று அவற்றின் வழியே ஒரு வரியிற் கூறிவிடலாம்.

இனி, ஆசிரியர் மனத்தில் எழும் தயக்கங்களையும் ஒளியாது பேசுவோம். ‘என் பாடத்திற் பிழையிருந்தாற் பிறர் நகைப்பரே’ என்பது முதலாவது. பிழை அலுமாரிக்குள் இருக்கும்வரை அது ஆண்டுதோறும் மாணவருக்குப் போய்ச் சேர்ந்து கொண்டேயிருக்கும். வெளியே வந்தாற்றான் திருந்தும். ‘என் உழைப்பை வேறொருவர் தம்முடையதென்பரே’ என்பது இரண்டாவது. பெயரும் ஆண்டும் பொறித்துப் பலர் அறிய வெளியிட்ட பாடமே ஆக்கியோனுக்குச் சிறந்த சாட்சி. இரகசியமாய் ஒருவருக்குக் கொடுத்த குறிப்புக்குச் சாட்சியில்லை. மூன்றாவது, பிழைப்புப் பற்றியது. தனியார் கல்வி நிலையங்களிலே குறிப்புத்தான் முதல் என்று கருதுவோர் உளர். அவர்களுடைய கவலையை எள்ளி நகையாடுதல் தகாது. எனினும், மாணவன் நாடி வருவது தாளையா, விளக்குகின்ற நாவையா? நல்லாசிரியரின் விளக்கத்தை எந்தக் களஞ்சியத்தாலும் வாங்கிவிட முடியாது.

காங்கேசன்துறை ஆசிரியர் ஒருவர் உலகிற்கு அளிக்கக்கூடிய பாடம் எதுவாகலாம்? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். குடாநாட்டின் அடியெல்லாஞ் சுண்ணாம்புக்கல். அதனை நம்பியே 1950இலே இங்குச் சீமெந்து உற்பத்தி தொடங்கிற்று; களிமண் மன்னாரின் முருங்கனிலிருந்து வந்தது. சுண்ணாம்புக்கல்லிலுள்ள கல்சியங் காபனேற்று வெப்பத்தாற் பிரிந்து கல்சியம் ஒட்சைட்டாகவுங் காபனீரொட்சைட்டாகவும் ஆவதும், சூளையின் வெப்பம் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வரை செல்வதும் இரசாயனவியல். அதே கல் மழைநீரைத் தன்னுட் கொள்வதும், கீரிமலையில் ஊற்றாய் வெளிப்படுவதும் புவியியல். தொழிற்சாலை எழுந்ததும் நின்றதும் வரலாறு. ஒரு கல்லிலே மூன்று பாடங்கள்! கடற்கரைக்குச் சென்று கல்லைக் காட்டிப் படமெடுத்து இதனை எழுதத் தக்கவர் இவ்வூர் ஆசிரியரே. எழுதிக் களஞ்சியத்தில் இட்டால், மலையகத்து ஆசிரியை ஒருவர் கல்லைப் பற்றிய பகுதியை எடுத்துத் தம் மலைப் பாறைகளோடு ஒப்பிட்டுப் புதிய பாடம் ஆக்கலாம். அது மீண்டும் இங்கு வரும். நம் மாணவர் மலையைக் கற்பர்.

ஆசிரியப் பெருமக்களை வேண்டுவது மிகச் சிறிது. தவணைக்கு ஒரு பாடம். தாம் பலமுறை கற்பித்து, எங்கே மாணவர் தடுமாறுவர் என்று அறிந்த ஒரு பாடம். அதனை ஒருங்குறியில் எழுதித் திருத்தக்கூடிய வடிவிலே, பெயரும் அனுமதியும் பொறித்து வெளியிடுக. மாணவர்கள் தட்டச்சிலே துணை நிற்கலாம். இலக்கிய வட்டத்தினர் மொழிப்பிழை களையலாம்.

மீண்டும் ஒருநாள் வீட்டை விட்டுப் புறப்படும் நிலை எவருக்கும் நேராதிருப்பதாக. நேரினும், அன்று ஆசிரியர் வெறுங்கையோடு புறப்படலாம். அவருடைய பாடம் அதற்கு முன்பே பல வகுப்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.