வராத புயல்

கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்பது நம் பெரியோர் வாக்கு. 2020-ஆம் ஆண்டிலே அந்தக் கார்த்திகையும் பாதி கழிந்த பிறகு புயலொன்று கிளம்பிற்று. மாலத்தீவினர் அளித்த 'புரெவி' என்னும் பெயரைத் தாங்கிய அது, டிசம்பர் 2-ஆம் தேதி இரவு இலங்கையில் திரிகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அப்பால் மன்னார் வளைகுடாவைத் தாண்டி, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே தமிழ்நாட்டில் புகும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது.

நேர்கோட்டில் அளந்தாலும் அவ்விரண்டு ஊர்களுக்குமிடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேலிருக்கும். அதில் எந்த இடம் என்று அறுதியிட்டுரைக்க அன்று எவராலும் இயலவில்லை. புயல் மேற்கே சென்றால் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அதன் பாதைக்கு அருகே அமையக் கூடும். ஆகவே 4-ஆம் தேதி விருதுநகர் உள்ளிட்ட ஆறு தென் ஜில்லாக்களுக்கு அரசாங்கத்தார் விடுமுறை விட்டனர். மலைக்கு அப்பால் திருவனந்தபுரம் முதலிய இடங்களிலும் அவ்வாறே.

புயல் வரவில்லை. ராமநாதபுரம் கரையை ஒட்டிய கடலில், வலுக்குறைந்து, மணிக்கணக்காக நகராமல் நின்று, அங்கேயே ஓய்ந்தது. "விடுமுறை விட்டதுதான் மிச்சம்" என்று திண்ணைகளில் நகைத்தவர்கள் பலர்.

அந்த நகைப்பு நியாயமானதன்று. புயல் தன் காலால் நடப்பதில்லை. வாய்க்காலில் விட்ட காகிதக் கப்பலைப் போல், உயரத்திலுள்ள காற்றோட்டம் இழுத்த இழுப்புக்கே போகிறது. அந்த ஓட்டம் மந்தித்தால் கப்பல் நின்று சுழலும். வானிலைப் படத்தில் நடுவிலே ஒரு கோடும், அதன் இருபுறமும் போகப் போக விரியும் கூம்பும் வரைந்திருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். நம்மவர் கோட்டைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கூம்பை. இன்றைய கணக்கிலுள்ள சிறு பிழை நாளை பெரிதாகும். நாளை மறுநாள் இன்னும் பெரிதாகும். அதை ஒளிக்காமல் காட்டுவதே கூம்பு. ஆனால் மழை எங்கே கொட்டும் என்பதை அது சொல்வதில்லை. புரெவி கடலில் நின்ற அதே வேளையில், பாம்பனுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, கொள்ளிடத்தில் ஒரே நாளில் 36 சென்டிமீட்டரும் சிதம்பரத்தில் 34 சென்டிமீட்டரும் மழை பெய்தது; நடராஜர் ஆலயத்துக்குள்ளும் வெள்ளம் நின்றது.

எச்சரிக்கை பிந்தினால் என்னவாகும் என்பதை 2017-ஆம் ஆண்டிலே கண்டோம். நவம்பர் 30-ஆம் தேதி கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கிப் புயல் மிகக் குறைந்த நேரத்தில் உருவாயிற்று. முன்னமே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. குமரி ஜில்லாவிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. ஒரு நாள் விடுமுறையை அந்த வீடுகளின் காத்திருப்போடு ஒரே தராசில் வைக்க நமக்கு மனம் துணியவில்லை.

நம் பக்கத்தில் கடல் இல்லையே என்பாருண்டு. மலை இருக்கிறதே! உச்சியில் பெய்த மழை அடிவாரத்து ஓடைகளில் எத்தனை விரைவில் இறங்கும் என்பதற்கு, 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரியில் பக்தர்களை அடித்துச் சென்ற வெள்ளமே சாட்சி. அதற்குப் புயல் என்று பெயர்கூட இல்லை. இந்நாளில் கனமழை அறிவிப்பு வந்தால் வனத்துறையார் மலைப்பாதையை அடைத்து விடுகிறார்கள். தாணிப்பாறையில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களில் சிலர், தலைக்கு மேல் காயும் வெயிலைச் சுட்டிக் காட்டிக் காவலரோடு வாதாடுவதுமுண்டு.